முத்திரை பொருந்திய பொட்டலம்

இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் நான் ஒரு டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் வேலை. அப்போது தமிழ் எழுத்துருக்கள் கடைக்கு ஒரு ரகம். ஓர் இடத்தில் அடித்ததை இன்னோர் இடத்தில் திறந்தால் எழுத்துக்குப் பதில் கொக்கியும் புள்ளியுமாக நிற்கும். அவற்றையெல்லாம் எல்லாக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடுக்கு மாற்ற நானே ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். பரமக்குடிக்குப் பக்கத்தில் மிளகாய் போடும் குடும்பத்திலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்தவள் நான். எழுதியதை மூலநிரலோடு, அதாவது உள்ளே இருக்கும் நிரல் வரிகளோடு, இணையத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம்.

இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கீழக்கரைக்காரர். துபாயில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கடைக்கும் வருவார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மற்றவர் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கே இருந்தவர். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவர் வைத்திருந்த ஒரு புனைபெயர் மட்டும்.

பாதுகாப்பு விஷயம் எல்லாம் அவர் பொறுப்பு. புதிய பதிப்பு தயாரானதும் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, பொட்டலமாகக் கட்டி, தன்னிடம் மட்டும் இருந்த ரகசியச் சாவியால் கணினி முத்திரை வைப்பார். வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் இறக்குகிறவருக்கு முத்திரை பொருந்தாது. "இதுக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு? பத்திரிகை அடிக்கிற சாமான்தானே?" என்று சாட்டில் ஒருமுறை கேட்டேன்.

"ஓம், உங்களுக்குப் பத்திரிகை. இஞ்ச சனம் காணாமல் போன பிள்ளையளைப் பற்றி எழுதி அனுப்புதுகள். அதையும் இதாலதான் மாத்தினம்" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

2008 முடியும் சமயத்தில் அவர் சாட்டுக்கு வருவது குறைந்தது. போர் முற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த நாளில், "கரண்ட் இல்லை, நெட்டும் வெட்டுறாங்கள். பிறகு கதைப்பம்" என்று எழுதிவிட்டுப் போனார். பிறகு ஒன்றும் இல்லை. படகில் வந்து இறங்கியவர்களின் படங்கள் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் அவற்றில் ஏதோ ஒரு முகம் அவராக இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த முகம் என்று எனக்கெப்படித் தெரியும்?

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு காலை, கடை திறந்து உட்கார்ந்தபோது எங்கள் இணையப் பக்கத்தில் புதிய பதிப்பு ஒன்று வந்திருந்தது. அவர் பெயரில். இறக்கி முத்திரையைச் சோதித்தேன். பொருந்தியது. உயிரோடு இருக்கிறார்! நலமா என்று எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் வைரஸ் நிறைய வந்ததால், கடையிலிருந்து இணையத்துக்கு எது போகிறது என்று காட்டும், எங்களுடையதைப் போன்ற ஒரு திறமூல மென்பொருளை எப்போதும் ஓடவிட்டிருப்பேன். அன்று மதியம் ஓர் அஞ்சலி போஸ்டரைப் புதிய பதிப்பில் மாற்றினேன். திரையின் ஓரத்தில் ஒரு வரி ஓடியது. எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு ஏதோ போயிருந்தது. இன்னொரு முறை மாற்றினேன். மறுபடி போனது. பிறகு நானே 'சோதனை' என்று ஒரே ஒரு சொல் அடித்து மாற்றினேன். அதுவும் போனது.

பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். எழுத்துப்பிழை திருத்தங்களுக்கு நடுவே சில வரிகள் புகுந்திருந்தன. மாற்றப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்து வெளியே அனுப்பும் வரிகள்.

அண்ணன் அப்போது கீழக்கரைக்கு வந்திருந்தார். போன் செய்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார். திரையைப் பார்த்தார்.

"இது அவர் எழுதுனதில்ல தங்கச்சி" என்றார்.

"முத்திரை அவரோடதுண்ணே."

"சாவி வேற யாரு கையிலயோ இருக்கு. அப்ப அவர் எங்கன இருக்காரு?"

நான் அந்தக் கேள்வியைக் காலையிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்தச் சாவிக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அதை அவர் எங்கும் எழுதி வைக்கிறவர் அல்ல. வாய் திறந்து சொன்னால்தான் இன்னொருவருக்குத் தெரியும்.

"பொட்டலத்த எடுத்துட்டு எல்லாருக்கும் எச்சரிக்கை போட்டுருவோம்ணே."

"போட்டா, பிடிச்சு வச்சிருக்கவங்களுக்கு அவரால பிரயோசனம் இல்லன்னு ஆயிரும். அதை யோசிச்சியா?"

"போடலன்னா அங்கன எழுதுற சனம் எல்லாரும் மாட்டுவாங்க. அவரு எதுக்காக ஒவ்வொரு வரியா படிச்சாரு?"

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அல்லாஹ் காப்பாத்தணும்" என்றார். பிறகு, "போடு" என்றார்.

எச்சரிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது சாட்டில் அந்தப் புனைபெயருக்கு முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

'நீங்கதானா?' என்று அடித்தேன்.

'ஆமாம், நான்தான்' என்று வந்தது.

அவர் ஒருநாளும் ஆமாம் என்று எழுதியதில்லை. ஓம் என்றுதான் எழுதுவார்.

'சுகமா இருக்கீங்களா?'

'சுகமாக இருக்கிறேன். நீங்கள் இன்னும் அரண்மனைக்கு அருகில் உள்ள அதே கடையில்தான் இருக்கிறீர்களா?'

எங்கள் இணையப் பக்கத்தில் என் ஊர்ப் பெயர்கூட இல்லை. கடை இருக்கும் இடத்தை இணையத்தில் அந்த வடக்கத்திக்காரர் ஒருவரிடம்தான், எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அண்ணன் கையை நீட்டி இணையக் கேபிளைப் பிடுங்கினார். வெளியே வழக்கம்போல பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற ஒவ்வொருவரையும் நான் பார்த்தேன்.

அன்று மாலை கீழக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எச்சரிக்கையை வெளியிட்டோம். அந்தப் பொட்டலத்தை நீக்கினோம். அந்தச் சாவியை இனி நம்ப வேண்டாம் என்று அறிவித்தோம். அதற்குள் பலர் இறக்கியிருந்தார்கள். அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பச்சை விளக்கு மறுபடி எரியவில்லை.

போர் முடிந்தது என்ற செய்தி வந்த பிறகு, மண்டபம் அகதிகள் முகாமில் இருந்த சிலரிடம் விசாரித்தேன். "பேர் என்ன பிள்ளை?" என்று ஒரு பெண் கேட்டார். புனைபெயரைச் சொன்னேன். அது பேர் இல்லையே என்றார். நான் திரும்பி வந்தேன்.

அடுத்த பதிப்புக்குப் புதிய சாவி செய்ய வேண்டியிருந்தது. அண்ணன் துபாய்க்குக் கிளம்பும் முன் கடைக்கு வந்தார்.

"சாவிய நீ வச்சுக்கிறியா?"

"வச்சுக்கிறேன்."

"யாராச்சும் வந்து கேட்டா?"

கொஞ்சம் யோசித்தேன். "அடிச்சுக் கேட்டா குடுத்துருவேன்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நானும்தான்" என்றார். இரண்டு பேரும் வேறு வேறு ஊரிலிருந்து முத்திரை வைத்தால்தான் பொட்டலம் வெளியே போகும் என்று அன்று முடிவு செய்தோம். அவர் போன பிறகு, கதவுக்கு முதுகு காட்டி இருந்த என் நாற்காலியைத் தெருவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக்கொண்டேன்.