உட்காரும் வேலை

ஜனாதிபதி உட்காருவதற்கு முன்பே அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எனக்கு அப்புறம்தான் அவர். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் மாட்டிய யாரிடமும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. ஆனால் பொய். அந்த நாற்காலியில் எந்த ஜனாதிபதியாவது உட்கார்ந்தாரா என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் வருகிற நாட்களில் எங்களைப் போன்றவர்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் உட்கார்ந்ததுகூட நேராக நாற்காலியில் இல்லை. மேலே ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முட்டை மட்டும்தான் வரவில்லை.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். எங்கள் மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்னச் சாதனை இல்லை என்று புரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் அக்கா மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் அச்சில் நன்றாக இருக்காதாம், அவளே நல்ல தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசிய பேச்சில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். முக்கியமாக அவளுடைய அப்பா பேசியதில். இது அவரைப் பற்றிய கதை. எனக்கு மச்சான்.

மச்சான் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக இருந்தார். தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சமைப்பது, மேசை விரிப்பது, நாற்காலி துடைப்பது, வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லாம் அப்புவின் வேலை. தொண்ணூறுகளில் தோட்டங்கள் கைமாறின. துரை வேறு இடத்துக்குப் போனார், பங்களாவைப் பூட்டினார்கள். துரையில்லாத பங்களாவுக்கு அப்பு எதற்கு? அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் மச்சானும் அவருடைய அம்மாவும் லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பிராவில், அதாவது ஒற்றை அறையில், இருந்தார்கள். இவர்களோடு இலவச இணைப்பாக நானும். மஸ்கெலியாவில் கடையில் நின்றேன், துரத்தினார்கள். கினிகத்தேனையில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன், அங்கேயும் துரத்தினார்கள். வாய்தான் காரணம். என் கை செய்த வேலையை யாரும் குறை சொன்னதில்லை, அது ஒன்றும் செய்யவில்லை என்பதால்.

அப்போதுதான் நுவரெலியாவில் ஜனாதிபதி வந்து தங்குகிற பழைய மாளிகையில் தளபாடங்களைச் செப்பனிட ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, மச்சானும் நானும் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கல் சுவர், உயரமான புகைபோக்கி, முன்னால் ரோஜாப் பாத்திகள். வெளியே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே போனால் பனி எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தது. திரைச்சீலையைத் தொட்டால் கையோடு வந்தது. நாற்காலிகளுக்கு உள்ளே திணித்திருந்த குதிரைமயிர் பூசணம் பிடித்து, வெட்டித் திறந்ததும் மழைக்கால மாட்டுக்கொட்டகை வாசனை அடித்தது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. ஆள் இல்லாத வீட்டில் குளிர்தான் குடும்பம் நடத்தும்.

மெத்தை வேலைக்கு ஹட்டனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா வந்திருந்தார். பெரிய உடம்பு, வாயில் எப்போதும் ஆணி. எல்லாவற்றுக்கும் மேலே கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள ஐயா. நல்ல மனுஷன், குரலை உயர்த்தமாட்டார். புதுசு மாதிரி ஆக்காதீர்கள், பழசை நல்லபடியாக நிற்க வையுங்கள் என்பதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன பாடம். அதே மரம், அதே நிறத் துணி, அதே இடம். மச்சானுக்கு இது பிடித்துப்போயிற்று. தேன்மெழுகையும் டர்பன்டைனையும் சூடாக்கிக் கலந்து, பழந்துணியில் தொட்டு, ஒரு மேசைக் காலை அரை நாள் தேய்ப்பார். எந்த நாற்காலியைக் கணப்புக்கு எவ்வளவு கிட்டப் போட்டால் தோல் வெடிக்கும் என்று பார்த்துத் தள்ளிப்போடுவார். ஒருநாள் கொழும்பு ஐயா மச்சானின் தோளில் தட்டி, வேலை முடிந்ததும் ஒரு ஆளை இங்கேயே நிரந்தரமாக வைக்கப் போகிறோம், பின்னால் குவார்ட்டர்ஸும் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். யார் அந்த ஆள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா அந்தக் குவார்ட்டர்ஸைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இன்னும் மறக்கவில்லை. தண்ணீர்க் குழாய் வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? பிள்ளைகள் படிக்கத் தனியாக ஒரு மூலை கிடைக்குமா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? மச்சான், "போய்ப் பாத்துட்டா சொல்றேன்? குடுத்தாத்தானே" என்றார். ஆனால் போய்ப் பார்த்திருந்தார். குழாய் உள்ளேதான் என்று தூங்கப் போகிற நேரத்தில் மெதுவாகச் சொன்னார்.

என் வேலைக்கு வருகிறேன். நாற்காலிக்குப் புதுத் தேங்காய்த் தும்பு திணித்துத் தைத்தால் இருக்கை நடுவில் மேடு கட்டி நிற்கும். அப்படியே விட்டால் உட்காருகிற பெரியவர் வழுக்கித் தரைக்கு வந்துவிடுவார். நாள்கணக்கில் ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அதை அமர்த்த வேண்டும். நானா தன் உடம்பைப் பார்த்துக்கொண்டார். "நான் ஒக்காந்தா ஸ்பிரிங் எல்லாம் தரையில ஈக்கும்" என்றார். மச்சானைப் பார்த்தார். மச்சான் அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம் நானா என்னைப் பார்த்தார். "தம்பி, ஒனக்கு ஒரு வேலயும் தெரியாது. இந்தா, ஒனக்குண்டே ஒரு வேல. ஒக்காரு."

அந்த மாளிகையில் இருந்த ஒவ்வொரு நாற்காலியிலும் சோபாவிலும் இப்படித்தான் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவனுக்குச் சாமி பார்த்துக் கொடுத்த தண்டனை. காலை ஆட்டினேன், ஊர்க்கதை பேசினேன், மந்திரி மாதிரி அடித்தொண்டையில் பேட்டி கொடுத்தேன். நானா ஆணியைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். கொழும்பு ஐயாவும் கதவருகில் நின்று கேட்டுச் சிரித்ததுண்டு. மச்சான் மட்டும் நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்க்கமாட்டார்.

ஒரு மத்தியானம் கணப்புக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கைநாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, காலின்மேல் கால் போட்டு, துரை குரலில் ஒரு சத்தம் கொடுத்தேன். "அப்பு! டீ கொண்டா!"

மச்சான் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பி நடந்தார். நிஜமாகவே நடந்தார். கதவுவரை போனபிறகுதான் நின்றார். நின்றவர் திரும்பிவந்து அதே துணியால் என் மண்டையில் ஒரு அடி வைத்தார். "நாயே, ஒங்கக்கா மொகத்துக்காகப் பாக்குறேன்" என்றார். நானா விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். மச்சானும் கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கதவுவரை அவர் நடந்த நடை இருக்கிறதே, அது எனக்கு அப்பப்போ வந்து குறுக்கே நிற்கும். சோறு சாப்பிடும்போது வரும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வரும்.

வேலை முடிகிற நாளில் கொழும்பு ஐயா ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கைநாற்காலிக்கு வந்தார். அதன் பின்கால் இற்றுப்போயிருந்ததை மச்சான்தான் மரம் வைத்துப் பொருத்தியிருந்தார். பாரம் ஏறும்போது பொருத்தில் சத்தம் வருகிறதா என்று ஐயாவுக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும். தரையில் முட்டி போட்டுக் காதைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மச்சானைப் பார்த்து, "இந்தகன்ன" என்றார். உட்காரச் சொன்னார்.

மச்சான் நின்றார். ஐயா மறுபடியும் சொன்னார். மச்சான் நாற்காலியின் கையைப் பிடித்தார். முட்டி கொஞ்சம் மடங்கியது, பிறகு நிமிர்ந்துவிட்டது. "வேணாங்க ஐயா" என்றார். ஐயா எழுந்தார். பொருத்தியவனே உட்காரப் பயந்தால் பொருத்து எப்படி என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, சந்தேகத்தில் கேட்டார். நானா குறுக்கே வந்து சிங்களத்தில், இந்த மனுஷன் பங்களா வேலைக்காரன், பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று எடுத்துச் சொன்னார். ஐயா தலையாட்டினார். ஆனால் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலில் குறை என்று ஐயா நினைத்துவிட்டால் வேலை போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு, அக்காவின் குழாய் போச்சு. நான் பாய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தேன். குதித்தேன். "பாருங்க ஐயா, மலை மாதிரி நிக்கிது! எங்க மச்சான் கை வச்சது!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். ஐயா குனிந்து கேட்டார். ஒரு முனகல் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐயா சொன்னதை நானாதான் தமிழில் சொன்னார், ஆணி இல்லாத வாயால், மெதுவாக. இந்த வீடு வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கிற வீடு. ஆள் உட்காராத நாற்காலிக்குள் எலி குடும்பம் வைக்கும், பூசணம் ஏறும், பொருத்து விடும். இதைப் பார்த்துக்கொள்கிறவன் எல்லாவற்றிலும் அடிக்கடி உட்கார்ந்து பார்க்க வேண்டும், கட்டிலில் படுத்தும் பார்க்க வேண்டும். நாற்காலியைச் சாமி மாதிரி கும்பிடுகிறவனால் அது முடியாது. அதனால் இந்தத் தம்பி இருக்கட்டும்.

இந்தத் தம்பி என்றது என்னை.

நான் எழுந்தேன். "நான் இல்லைங்க ஐயா. அவருதான் வேலக்காரரு. எனக்குச் சும்மா ஒக்காரத்தான் தெரியும்" என்றேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேராக நான் பேசியதில்லை. ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை நாளும் நான் பேசினதெல்லாம் கோமாளித்தனம், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். மச்சான் அந்த நேரத்தில் நாற்காலிமேல் கிடந்த சாக்கை எடுத்து உதறி, நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது நான் திட்டு வாங்கத் தயாராக வந்தேன். அவர் பாட்டுக்கு முன்னால் நடந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு தடவ ஒக்காந்திருந்தா என்னங்க மச்சான்?" என்று கேட்டேன். நடந்தபடியே சொன்னார்: "எல்லாரும் ஒக்காந்துட்டா, வர்றவங்களுக்கு யாருடா எந்திரிச்சு நிக்கிறது?" பகிடியா, நிஜமா? முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. பஸ்ஸில் ஏறும்போது, "நாளைக்கு வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போ" என்றார்.

அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். "யாரு பேருல வந்தா என்ன, கொழாய் கொழாய்தான். புள்ளைங்க அங்க இருந்து படிக்கட்டும்" என்று முடித்துவிட்டாள். அவளும் பிள்ளைகளும் என்னோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். மச்சான் தன் அம்மாவை விட்டு வரமுடியாது என்றார். நானா அவரை ஹட்டன் கடையில் சேர்த்துக்கொண்டார். அம்மா போய்ச்சேர்ந்த பிறகும் அவர் வரவில்லை, கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தங்கிவிட்டார்.

நான் இன்றைக்கும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அறை அறையாகப் போய் உட்கார்ந்து எழும்புகிறேன். மச்சான் சொல்லிக்கொடுக்காததால் மெழுகு கலக்கத் தெரியாமல் மூன்று தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். அவர் ஞாயிறு தவறாமல் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார். பிஸ்கட், லீக்ஸ் கட்டு, ஏதாவது கொண்டுவருவார். லயத்தில் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசிய மனுஷன், என் வீட்டில் இதுவரை உட்கார்ந்ததில்லை. செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். வாசற்படியில் நின்றபடி டீயைக் குடிப்பார். உட்காருங்கள் என்றால், "இருக்கட்டும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பார். பழக்கத்தில் நிற்கிறாரா, என்மேல் கோபத்தில் நிற்கிறாரா? வருஷக்கணக்காக எனக்கு இதுதான் கேள்வி. அக்காவைக் கேட்டேன், "நீயே கேளு" என்றாள். எதிரில் எவன் இருந்தாலும் வாயடிக்கிற எனக்கு இதை மட்டும் கேட்க நாக்கு எழும்பவில்லை. எழுதுகிற இவளைக் கேட்டேன். அவள் பேனாவைப் பார்க்கிறாளே ஒழிய என்னைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் ஞாயிறுதான். இன்றைக்கு அவர் வந்ததும் முதல் வேலையாக

வந்துவிட்டார். வாசலில் சத்தம்.

"டேய் மாப்ள! கடைக்கு ஒரு பெரிய சோபா வந்து கெடக்கு. தும்பு அமரமாட்டேங்குது, ஒக்கார ஆளு இல்ல. கெளம்பி வா!"

"மொதல்ல நீங்க இங்க வந்து ஒக்காருங்க மச்சான், அப்புறம் நான் அங்க வந்து ஒக்கார்றேன்!"

எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது. இவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன். வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. கழற்றுகிறாரா, கிளம்புகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. போய்ப் பார்க்கிறேன்.