வெட்டி வீசாத கை

தேயிலைக் கொழுந்து பறித்தது போதும் என்று ஓய்வு கொடுத்தார்கள். கூடவே எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அயர்லாந்தில் அல்ஸ்டர் பக்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் மேனேஜர் தொரையோடு எஸ்டேட்டைப் பார்க்க வந்தார். அவர் ஊர்க் கதையைத் தொரை தமிழில் சொன்னார்.

படகுப் போட்டியில் எவன் கை முதலில் கரையைத் தொடுகிறதோ அவனுக்கே நாடு. பிந்தியவன் தன் கையை வெட்டிக் கரையில் வீசி ஜெயித்தானாம். ரத்தத்தில் சிவந்த அந்தக் கையைக் கொடியில் போட்டுக்கொண்டு, மண் யாருக்கென்று இன்றும் அங்கே கட்சி கட்டுகிறார்களாம்.

"ஏனுங்க தொரை, இந்த மலையில நான் கை வைக்காத செடி இருக்குதுங்களா? எனக்கு ஒரு ஊடாச்சும் வராதுங்களா?" என்றேன்.

தொரை சிரித்தார். அவர் மொழிபெயர்த்துச் சொன்னபோது வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. கறை ஏறிய என் கையையே பார்த்தார்.

இப்போது காந்தல் என்னும் ஊரில், மகள் வீட்டில் இருக்கிறேன். அலுப்பு தீரவில்லை. கை இன்னும் உடம்போடுதான் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் மண் கிடைக்கவில்லை போலும்.