மலையிறங்காத காசு

மருத்துவமனையில் பணம் கட்டும் மேடைமேல் அக்கா அந்த உரச்சாக்குப் பையை வைத்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பை நிறையப் பத்து ரூபாய் நாணயங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பையைத் தொடவே இல்லை. "காசு வாங்கறதில்லீங்க, நோட்டா மாத்திட்டு வாங்க" என்றாள். உள்ளே என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். குடல்வால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், முன்பணம் கட்டியதும் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தார்கள். மிளகு பறிக்கும் காலம் இன்னும் வரவில்லை. கையிலிருந்த பணம் மலையிறங்கிய வண்டிக்கும் ஸ்கேனுக்கும் போய்விட்டது.

அக்கா அருவிக்கு இறங்கும் படிகளுக்கு மேலே அன்னாசிப்பழம் நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி விற்பவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகளின் கல்லூரிச் செலவுக்கென்று வியாபாரத்தில் வந்த பத்து ரூபாய் நாணயங்களைத் தனியே சேர்த்து வந்தாள். அவை அவளிடம் வந்து குவிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நாணயம் செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு கீழே கடைகளில் ஊறிப்போயிருந்தது. செல்லும் என்று அரசாங்கம் சொல்லியும் ஒருவரும் வாங்குவதில்லை. அதனால் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் வீட்டில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்களிடம் தள்ளினார்கள். "மலைக்காரங்க வாங்கிக்குவாங்க" என்று அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள். "நம்மளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனப்பு தம்பி. காசு காசுதானே" என்று அக்கா சிரிப்பாள்.

அன்று அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் முதலில் போனது வங்கிக்கு. "இங்க கணக்கு இருக்குதுங்களா? உங்க மலைக் கிளையிலயே கட்டிருக்கலாமே" என்றார் காசாளர். மகளின் நிலையைச் சொன்னேன். நூறு நூறாக எண்ணிப் பையில் போட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்து வரச்சொன்னார். நான் படித்தவன், சட்டம் பேசினேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பெட்ரோல் பங்கில் சிரித்தார்கள். மளிகைக்கடைக்காரர், "ஏனுங்க, இத வாங்கி நான் யாருக்குங்க குடுக்கறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் அப்போது என்னை இன்னும் எரித்தது.

கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். நூற்றுக்கு எண்பது. அக்கா தலையாட்டினாள். அவர் பத்துப் பத்தாக மேசைமேல் அடுக்கத் தொடங்கினார். "கொஞ்சம் வெரசா எண்ணு சாமி, புள்ள உசுரு" என்றாள் அக்கா. "எண்ணாம எப்படிங்க்கா?" என்றவர், என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: "நம்ம மச்சான் டூர் வேன் ஓட்டறானுங்க. ஞாயித்துக்கெழம வரவங்களுக்குச் சில்லறையா குடுத்துட்டா மலையிலயே செலவாயிரும்." அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டுகளோடு நாங்கள் திரும்பியபோது மகளின் முனகல் நின்றிருந்தது. வலி குறைந்துவிட்டது என்று மனைவி சந்தோஷமாகச் சொன்னாள். உள்ளே வெடித்துவிட்டதால்தான் வலி குறைந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் குழாயோடு வாரக்கணக்கில் கிடந்து, இன்னொரு முறை அறுத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதாமல் வீடு வந்தாள். இன்றும் அவள் ஒரு கவளம் சோற்றை ஒதுக்கினால் வயிறு வலிக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன்.

அக்கா இப்போதும் அதே இடத்தில்தான் விற்கிறாள். பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் நோட்டு கேட்கிறாள். "மலையிலயுமா செல்லாது? திமிரப் பாரு" என்று போன வாரம் ஒருவர் சத்தம் போட்டார். நறுக்கிய பழம் சாயங்காலத்துக்குத் தாங்காது, வாங்கிக்கொண்டாள்.

அன்று கடையைக் கட்டும்போது என்னிடம் கேட்டாள்: "ஏந்தம்பி, நாம நேரங்கழிச்சு வந்ததுனாலதான் அப்படி ஆச்சுன்னு டாக்டர் ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க்கா" என்றேன். அவர் சொல்லவில்லை என்பது உண்மைதான். மகளைக் காட்டப் போகும் ஒவ்வொரு முறையும் டாக்டர் அந்தப் பேச்சை எடுப்பதற்குள் நான் எழுந்து வந்துவிடுகிறேன்.