சரசு செருகிய குழைகள்

ஐயனாரை நம்பும் எல்லோருக்கும் இதைச் சொல்லவேண்டும். போன வருடம் சிறுபோக நெல் வெட்டு முடிந்த கையோடு, வழி தெரியாத ஒரு மலைச்சரிவில் என் மனைவி சரசு என் தோளில் சாய்ந்து வியர்த்துக் கொட்டினாள். அன்று அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எங்கள் வயல்களுக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் கல்மலை அது. பாதை கிடையாது. உச்சியில் ஒரு கல்லும் சூலமும்தான் ஐயனார். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் ஏறி வந்து கும்பிடுவதாகச் சரசு நேர்ந்திருந்தாள். பேரப்பிள்ளையும் பிறந்தது. அவள் சீனி வருத்தக்காரி, நீரிழிவு. அன்று காலையில் குளிசையைப் போட்டுவிட்டு, விரதம் என்று சாப்பிடாமல் வந்தாள். ஏசினேன். கேட்கிற ஆளா அவள்?

காட்டுக்குள் நுழையும்போது இலையோடு பச்சைக் குழை ஒன்றை முறித்து, மரக்கிளையில் செருகிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஒன்று போதும். சரசுவோ பத்தடிக்கு ஒன்று செருகினாள். மலையிலும் விடவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐயனாருக்கு என்ன கண் தெரியாதா என்று கேட்டு, ஒன்றைப் பிடுங்கி எறிந்தேன். அவள் மேலே போய் அடுத்ததைச் செருகினாள்.

உச்சியில் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில், படைக்கப் பொங்கிக் கொண்டுபோன சர்க்கரைப் புக்கையைக் குரங்குகள் பையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டன. இறங்கும்போது குறுக்கு வழி தெரியும் என்று நான் முன்னால் நடந்தேன். அரை மணித்தியாலத்தில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. சரசுவுக்குக் கை நடுங்கியது, நாக்குக் குழறியது. சீனி இறங்குகிறது. வாயில் போட இனிப்பு ஒன்றுமில்லை. சோடா அடிவாரத்தில், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள். போனில் சிக்னலும் இல்லை.

அவளை ஒரு பாலை மரத்தில் சாய்த்துவிட்டு அழுதேன்.

"ஐயனே, என்ர வாய் செய்த பிழை. அவளைத் தந்திடு."

கண்ணைத் துடைத்து நிமிர்ந்தால், எதிர்க் கிளையில் வாடத் தொடங்கிய ஒரு குழை. காற்றில் முறிந்ததல்ல. காம்பைக் கவட்டுக்குள் விட்டு இறுக்கியிருந்தது. சரசுவின் கை வேலை.

அவளைத் தாங்கிக்கொண்டு குழைக்குக் குழை இறங்கினேன். ஓரிடத்தில் அடுத்தது இல்லை. நான் பிடுங்கிய இடம்! முழங்காலில் நின்று தேடினேன். காய்ந்த சருகுக்குள் அது மட்டும் பச்சையாகக் கிடந்தது. அந்தப் பக்கமாக இறங்கினோம்.

அடிவாரத்தில் சோடாவை எடுத்து மெல்ல மெல்லப் பருக்கினேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. ஏன் இத்தனை குழை என்று கேட்டேன்.

"பேரப்பிள்ளைக்கு ஒண்டு. மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான். உங்கட கால் சறுக்கக்கூடாதெண்டு."

நான் குழந்தைப்பிள்ளை போல் அழுதேன்.

இன்று அவள் நலமாக இருக்கிறாள். சாப்பிடாமல் குளிசை போட விடுவதில்லை. என் ஏச்சும் குறைந்துவிட்டது. முற்றாக விட்டுவிட்டேன் என்றால் சரசு சிரிப்பாள். வழி தெரியாமல் நிற்கும் நேரம் உங்களுக்கும் வரும். வெட்கப்படாமல் ஐயனாரைக் கூப்பிடுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார்.

இப்போது காட்டுக்குள் போனால் குழை முறிப்பது நான்தான். பத்தடிக்கு ஒன்று. பின்னால் வரும் சரசுதான், "போதுமப்பா, நேரம் போகுது" என்கிறாள்.