புது சாக்கெட் போர்டு

தம்பிக்கு கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானதும் நாங்கள் சண்டை போட்டது ஒரே ஒரு பொருளுக்காகத்தான். மதர்போர்டு. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான பிராசசர், அதிலிருக்கும் சாக்கெட்டில்தான் உட்காரும். பழைய சாக்கெட் வைத்த போர்டு இப்போதைக்கு நன்றாக ஓடும், அதோடு சரி. புது சாக்கெட் என்றால், சில வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதாக வருவதை அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம்.

தம்பிக்குத் தசை கரைகிற வியாதி. இருபத்து மூன்று வயதுக்குள் கால் போய், தோள் போய், விரல்கள்தான் மிச்சம். ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால் எங்கள் வீட்டில் படுத்தபடியே, போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தான். மலைப்பாதையில் கார் ரேஸ் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

"பழசே போதும்க்கா."

"ஏன், புதுசு கடிக்குமா?"

"அஞ்சு வருசம் கழிச்சு அத யாருக்குக்கா கழட்டி மாட்டறது?" என்று சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாய மூடுடா பரதேசி" என்று கத்தினேன். லாட்ஜ் ரிசப்ஷனில் நாள் முழுக்க வாங்க போங்க என்று குழைந்துவிட்டு வந்தால், வீட்டில் என் வாய் அப்படித்தான்.

"ஊட்டுக்கு வந்ததும் வராததுமா அவங்கூட ஏங்கண்ணு மல்லுக்கு நிக்கற?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. இன்னும் இரண்டு வருடம் என்று டாக்டர் சொன்னது மூன்று பேருக்கும் தெரியும். நானும் அம்மாவும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவன் சொல்லச் சொல்ல எழுதிய சீட்டோடு பஸ் ஏறினேன். பழைய சாக்கெட் போர்டு, அதற்கேற்ற பிராசசர். அடிவாரம் வரைக்கும் அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

சேலத்துக் கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"தம்பிக்குங்க" என்றேன்.

"எத்தன வருசத்துக்குப் பாக்கறீங்க?"

வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். சீட்டை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"நொம்ப வருசத்துக்குங்க. புதுசே குடுங்க."

கடையிலேயே மாட்டிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தம்பி போர்டின் அட்டைப் பெட்டியை வெகுநேரம் பார்த்தான். "உனக்குப் பைத்தியம்க்கா" என்றான்.

ஏழெட்டு மாதம் ஓட்டினான். வளைவில் கார் உருண்டால் அவன் வாயிலிருந்து கெட்ட வார்த்தையாக வரும். எனக்கு அதைக் கேட்க அத்தனை சந்தோஷம். பிறகு ஒரு விரல் பட்டனை அழுத்த மறுத்தது, அப்புறம் ஒவ்வொன்றாக எல்லா விரலும். கடைசியில் அவன் சொல்ல நான் ஓட்டினேன். "எடது பக்கம், எடதுக்கா... அய்யோ, போச்சு!" எனக்கு ஒரு இழவும் வராது.

ஐப்பசியில் செத்துப்போனான். டாக்டர் சொன்ன இரண்டு வருடம்கூட இல்லை. பழசே போதுமாக இருந்தது. அவன் சொன்னதுதான் சரி, அதை நினைத்தால் இப்போதும் அவன்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

கம்ப்யூட்டர் துணி போர்த்தி அப்படியே இருக்கிறது. கேட்டவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. போன மாதம் கடைக்காரர் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், அன்னைக்கு நீங்க புதுசு எடுத்தது நல்லதாப் போச்சுங்க. புது பிராசசர் வந்திருக்குது, உங்க போர்டுலயே உக்காரும். தம்பிகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றேன்.