தள்ளி வைத்த புள்ளி

கடைசிப் பிள்ளையும் பள்ளி வாசலில் இறங்கியாயிற்று. ராவினியா அத்தை பேருந்தின் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, மாவட்ட மன்றம் அனுப்பிய விண்ணப்பக் கட்டைப் பிரிக்கிறாள். யார் வீடு கட்டுகிறார்கள், யார் ஓடையைத் திருப்புகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். முன்னோர் இடத்தில் யாராவது கை வைக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் குலத்தார் பதினான்கு வருஷத்துக்கு முன் அவள் தலையில் கட்டினார்கள். அன்று முதல் ஊரில் யார் வீட்டுச் சுவர் தாமதமானாலும் திட்டு அவளுக்குத்தான்.

மனதுக்குள் படிக்கத் தெரியாது அவளுக்கு. தாளோடு சண்டை போட்டுக்கொண்டேதான் படிப்பாள். "சின்ன மண்வேலையாம்! ஏன்டா, பாதிக் குன்றை வழிச்சு எடுக்கிறதா சின்ன வேலை?"

இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல். குடிக்க அல்ல. இடுகாட்டுக்குப் போனவர்கள் வெளியே வந்ததும் கை நனைப்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அத்தை ஒரு படி மேலே போய்விட்டாள். வரைபடத்தில் இடுகாட்டின் மேல் விரல் பட்டாலே ஜன்னலைத் திறந்து கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். "வெறும் தாள்தானே அத்தை?" என்று கேட்டால், "தாள்ல இருந்தாலும் அவங்க அவங்கதானே?" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பக்கத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். வைமோஹோ ஓடைக்கரையில் நாற்பது வீடுகள், அவற்றுக்கு ஒரு சாலை. 'இடுகாட்டை மதித்து, இருநூறு மீட்டர் விலகிச் செல்கிறது' என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. விலகியது மன்றத்து வரைபடத்தில் இருந்த பொய்ப் புள்ளியிலிருந்து. சாலை நேரே நிஜ இடுகாட்டின் மேல் ஏறியது.

பொய்யைச் சொன்னவள் அவளேதான். முன்பொரு தடவை இடம் வெளியே தெரிந்து, எவனெவனோ மண்வெட்டியோடு வந்து எலும்புகளைக் கிளறிவிட்டுப் போனான். அதனால் மன்றத்தார் வரைபடம் கொண்டுவந்து கேட்டபோது, குலத்தார் கூடிப் பேசியபடி, ஓடைக்கு அந்தப் பக்கம் முட்புதரைக் காட்டிவிட்டாள். அன்று ராத்திரி சபைக்கூடத்தில் ஒரே சிரிப்பு.

இப்போது அந்தத் தாளோடு அவள் போனபோது, சபைக்கூடத்து அடுப்படியில் அவள் அண்ணன் ஹோரோமோனா சிப்பி கழுவிக்கொண்டிருந்தான்.

"பொய் சொன்னோம்னு நீயே போய்ச் சொல்லப் போறியா? நீ குறிச்சுக் கொடுத்த மத்த ஆறு இடமும் புளுகுதான்னு கிளம்பிடுவாங்க. உன் கையெழுத்துக்கு இனி என்ன மதிப்பு?"

"வாயை மூடிக்கிட்டு இருந்தா நம்ம பாட்டன் தலைமேல லாரி ஓடும். பரவாயில்லையா?"

"நான் அப்பவே சொன்னேன்."

"எங்க சொன்னே? நீதான் முதல்ல சிரிச்சே!"

அவன் சிப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

மறுநாள் பொரித்த ரொட்டியைத் துணியில் சுற்றி, தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். திட்ட அதிகாரி ஹாமிஷ், நெட்டையான, கூச்ச சுபாவமுள்ள மனிதன். ஊர்ப் பழக்கத்தில் அவனுக்கும் அவள் அத்தைதான். மேஜையில் வரைபடம் விரிந்தது.  புள்ளியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, சாலைக்கோட்டின் மேலேயே விரலை வைத்தாள்.

"இங்கதான்ப்பா. அந்தப் புள்ளி பொய். சொன்னது நான்தான். திட்டுறதுன்னா இப்பவே திட்டிடு."

 ஹாமிஷ் காதைச் சொறிந்துகொண்டான்.

"ஓடைக்கரைப் புள்ளி பொய்யா இருக்குமோன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம் அத்தை. மத்த ஆறு இடத்தைத் தொட்டா ஜன்னலுக்கு ஓடுவீங்க. வெளியே ரோஜாச்செடி நனையும். இதைத் தொட்டுட்டு மட்டும் நேரா ரொட்டியைத் தின்னுவீங்க."

"அடப்பாவி! தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே நீ!"

"சந்தேகம்தானே. நிஜ இடம் எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மத்த ஆறும் நிஜம்னு மட்டும் தெரிஞ்சுது."

அங்கேயே வீடு கட்டுகிறவர்களின் நில அளவைக்காரனிடம் தொலைபேசியில் பேசினான். பழைய ஆட்டு வேலியோரமாக இன்னொரு பாதை அவர்கள் விண்ணப்பத்திலேயே இருந்தது. கொஞ்சம் சுற்று, ஆனால் மழைநீர் நன்றாக வடியும், மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஹாமிஷ் பழைய புள்ளியை அழித்தான். புதிதாகப் புள்ளி வைக்கவில்லை. முட்புதர், ஓடை, நிஜ இடம் எல்லாம் உள்ளே வர, விரலால் பெரிய வளையம் போட்டுப் பார்த்து, அதன்மேல் பென்சிலை ஓட்டினான்.

"இதுக்குள்ள எங்கேன்னு எவனும் கண்டுபிடிக்க முடியாது. போதுமா?"

 அத்தை அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள், கண்ணைத் துடைத்தாள், ஒரு ரொட்டியை எடுத்து முழுசாகத் தின்று முடித்தாள். பிறகுதான் நினைவு வந்து, "ஐயோ, கை!" என்று ஜன்னலுக்கு ஓடினாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டு மூடியைத் திருகப் போனபோது, பக்கத்தில் ஹாமிஷ் வந்து நின்றான். சட்டைக் கைகளை முழங்கை வரை ஏற்றிவிட்டு, இரண்டு கைகளையும் ரோஜாச்செடிக்கு மேலே நீட்டினான்.