டிரைவருக்கு எந்தக் கட்டம்?

தொண்டு நிறுவனத்தில் புண்ணியம் எல்லோருக்கும், வவுச்சர் மட்டும் நமக்கு. தென்காசியில், குற்றாலம் ரோட்டில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பகல்நேரப் பள்ளியில் நான் மேலாளர். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

பதினாலு கட்டம், ஆறு பேர்

எங்களுக்கு நிதி தரும் சென்னை அறக்கட்டளை, நிர்வாக அமைப்பைப் படமாக வரைந்து அனுப்பச் சொன்னது. வரைந்தேன். கட்டம் பதினாலு வந்தது, ஆள் ஆறு பேர்தான். மேலாளர், கணக்கர், கொள்முதல் என்று மூன்று கட்டத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன். வேன் ஓட்டும் இசக்கி அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"ஏம்மா, எம் பேரக் காணுமே. அப்ப நாளைக்கு வண்டிய யாரு எடுக்கா?"

பழமும் லாரியும்

அவசரத்தில் அவரை 'நிர்வாகம்' வரிசையில் சேர்த்து அனுப்பிவிட்டேன். நிர்வாகச் செலவு அதிகம், குறைத்தால்தான் அடுத்த வருஷம் உதவி என்று பதில் வந்தது. குறைக்க எங்களிடம் என்ன இருக்கிறது? வாடகை, கரண்ட், நான், அண்ணாச்சி. செயற்குழு கூடி, அண்ணாச்சியையும் வேனையும் நிறுத்திவிடலாம், பெற்றோரே பிள்ளைகளைக் கொண்டுவரட்டும் என்று முடிவு செய்தது. படம் வரைந்த நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எதிர்த்தவர் ஒருவர்தான், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் உறுப்பினர்.

"பழத்தப் பறிச்சுப் போட்டுட்டு லாரி வேண்டாம்னு சொல்லுதியளே, இது என்ன யாவாரம்?"

ரெண்டு பஸ்

வேன் நின்ற வாரம், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மூன்று பேர்தான் வந்தார்கள். பயிற்சி கொடுக்கிறவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் கணக்கில் மட்டும் நிர்வாகச் செலவு அழகாக இறங்கியிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம், கடையநல்லூரிலிருந்து ரியாஸின் அம்மா வந்தார். கணவர் துபாயில். ஒன்பது வயது மகனை இடுப்பில் சுமந்து, பஸ் மாறி வந்திருந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சொன்னார்:

"பீஸ் வேணும்னா கேளுங்க மேடம், எப்பிடியாச்சும் தாரேன். இவனத் தூக்கிட்டு ரெண்டு பஸ் ஏற எனக்குத் தெம்பு இல்ல. நாளையிலருந்து வரமாட்டோம்."

சாவி

அன்றைக்கு அழுதேன். பிறகு, நேரில் வந்து பார்க்கும்படி அறக்கட்டளைக்கு எழுதினேன். சாரல் சமயம் என்பதால் அதிகாரி உடனே வந்துவிட்டார். ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பள்ளியைப் பார்ப்பதாகத் திட்டம். முதலில் பிள்ளைகளை அழைத்துவருவோம் என்று சொல்லி அவரை வேனில் ஏற்றினேன். அன்று ஒருநாள் மட்டும் ஓட்ட அண்ணாச்சியைக் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தேன்.

ஒவ்வொரு பிள்ளையையும் அண்ணாச்சிதான் தூக்கி உட்காரவைத்தார், மடங்கிய காலுக்குத் தலையணை வைத்தார். ரியாஸுக்குக் குமட்டும் இடம் தெரிந்து முன்கூட்டியே வண்டியை ஓரங்கட்டினார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "இவரை ஏன் நிர்வாகத்தில் போட்டீர்கள்?" என்றார். அங்கேயே படத்தை எடுத்து, அண்ணாச்சி பெயரை அடித்து, 'பிள்ளைகள் பராமரிப்பு' வரிசையில் எழுதினேன். அதே ஆள், அதே சம்பளம், நிர்வாகச் செலவு மட்டும் குறைந்துவிட்டது. அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தக் கட்டத்துல வேணும்னாலும் போட்டுக்கோம்மா, வண்டிச் சாவிய மட்டும் எங்கிட்டயே இருக்க விடு."

இத்தனை வருஷச் சிக்கனத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே செலவுக் குறைப்பு, அந்தப் பேனாக் கோடுதான்.